தூரத்துப் பூகம்பம் பொத்தேரிக்கு வந்த கதை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முடிச்சூரில் இருந்து கிளம்பினேன். ராகு காலம், எமகண்டம் எதையும் பார்க்கவில்லை. பூகம்பம் பார்த்துவிட்டா வந்தது?

என் மகள் ரேவதி பொத்தேரியில் ஒரு பெரிய அடுக்குமாடியில் பதினாலாவது மாடியில் குடியிருக்கிறாள். அதற்கு மேல் மொட்டை மாடிதான், அப்புறம் ஆகாசம். புதன்கிழமை காலையில் கடலுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ கப்பல் போய்ச் சேரவே பல நாள் ஆகிற தூரத்தில், கடலடியில் பெரிய பூகம்பம். அந்த நேரத்தில் நான் முடிச்சூரில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரைக்காய்க்கும் தெரியவில்லை. பதினாலாவது மாடியில் ரேவதி சோறு வடித்துக்கொண்டிருந்தாளாம். கூடத்து விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்ததாம். கட்டடத்தில் இருந்த எல்லோரும் படிக்கட்டு வழியாகக் கீழே ஓடி வந்தார்கள். சாயங்காலம் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். ரேவதி மட்டும் போகவில்லை. புதன் போய், வியாழன் போய், வெள்ளியும் போயிற்று. அவள் கீழேயே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். "அம்மா, அவர் சொல்லிட்டாரு. நாளைக்குள்ள மேல வரணுமாம். இல்லாட்டி உங்கூட முடிச்சூருக்கே போயிடணுமாம்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அதனால்தான் இந்தப் பிரயாணம். மகளை மேலே ஏற்றுவதா, என்னோடு கூட்டி வருவதா? இரண்டில் ஒன்றை முடித்துவிட்டு வர வேண்டும்.

முடிச்சூரில் இருந்து மேற்குத் தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

"எங்க ஆயா, காலங்காத்தால? பையோட கெளம்பிட்ட?"

"பூகம்பம் பாக்கப் போறேன்."

"டிக்கெட் வாங்கியாச்சா? கூட்டமா இருக்கப் போவுது."

"உனக்கும் ஒண்ணு சேத்து வாங்கட்டா?"

"எனக்கு எதுக்கு ஆயா? இந்த ரோட்ல ஓட்றவன் தெனமும் அதத்தான் பாத்துகினு கீறான்." ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றினார். பின்னால் இருந்தவர்கள் 'ஏம்ப்பா' என்றார்கள். நான் சிரித்தேன். அன்றைக்கு நான் மனசாரச் சிரித்தது அது ஒன்றுதான்.

தாம்பரத்தில் பொத்தேரிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். செங்கல்பட்டு வண்டி எட்டேகாலுக்கு மேல் வந்தது. ஜன்னலோரம் கிடைத்தது. பெருங்களத்தூர் தாண்டினால் வண்டலூர் மலை. அப்புறம் கிளாம்பாக்கத்துப் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. ரயிலுக்கு இரண்டு பக்கமும் கட்டடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி நிற்கின்றன. இந்தப் பக்கமெல்லாம் நாற்று நட்டவள் நான். அதைச் சொல்லிப் பெருமூச்சு விடப் போவதில்லை. நெல் வயலில் நின்றால் இடுப்புதான் ஒடியும். எனக்கு அதன் மேல் அப்படி ஒன்றும் ஆசை இல்லை.

ஆனால் ரேவதி ஏன் பதினாலாவது மாடிக்குப் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துப் பதினைந்தில் முடிச்சூரில் வெள்ளம் வந்ததே, அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நானும் அவளும் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தோம். கீழே எங்கள் வீட்டுக்குள் கட்டில் மிதந்து சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆகி மாப்பிள்ளை பிரபு வீடு பார்க்க ஆரம்பித்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "தண்ணி ஏறி வர முடியாத எடமா பாருங்க." கட்டுகிறவர்கள் காட்டினதிலேயே உச்சியைப் பிடித்தார்கள். எங்கள் தெருவில் இப்படி உயரம் தேடிப் போனவர்கள் இன்னும் சில பேர் உண்டு. கூடுவாஞ்சேரியில் ஒருத்தர், மாடம்பாக்கத்தில் ஒருத்தர். எவ்வளவு மேலோ அவ்வளவு நல்லது என்றுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. தண்ணீரைத் தவிர வேறொன்று வந்து கதவைத் தட்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பொத்தேரியில் இறங்கினேன். காலேஜ் பிள்ளைகள் வண்டி வண்டியாக இறங்கிப் போனார்கள். ஸ்டேஷனில் இருந்து அடுக்குமாடி இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு அறுபது கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். வானம் மூடிக்கொண்டு கிடந்தது. ஐப்பசி மாசம் அப்படித்தான் இருக்கும்.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். போனில் என்னைப் போட்டோ எடுத்தார்.

"எந்த வூடு ஆயா? எதுக்கு வந்திருக்கீங்க? அத்தப் போட்டாத்தான் உள்ள வுட முடியும்."

"பூகம்பத்துக்கு வந்திருக்கேன்னு போடு."

அவர் சிரிக்கவில்லை. "பதினாலாவது மாடி அக்காவோட அம்மாவா? பார்க்கு பெஞ்சிலதான் கீறாங்க. போங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். மூன்று நாளில் என் மகள் கேட் வரைக்கும் கதையாகியிருந்தாள்.

ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கிற சின்னப் பார்க்கு. பெஞ்சில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள், துணி மாற்றியிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கால் மட்டும் சரியில்லை. இரண்டு உள்ளங்காலையும் தரையில் அழுத்திப் பதித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் நிற்கிறவர்கள் வைத்துக்கொள்வது போல.

"இன்னாடி, பூமியப் புடிச்சு வெச்சுகினு கீறியா? வுட்டா ஓடிப் பூடுமா?"

"வந்துட்டியாம்மா" என்றாள். அவ்வளவுதான். என் கிண்டல் அவளைத் தாண்டிப் போய் எங்கேயோ விழுந்தது.

இரவில் அவள் படுத்துக்கொண்டது தரைத்தளத்தில் டெய்சி மேடம் வீட்டில். டெய்சி மேடம் காலேஜில் பாடம் எடுக்கிறவர். மண், பாறை, அஸ்திவாரம் இதெல்லாம் அவர் பாடம். தனியாக இருக்கிறார். ரேவதி என்னை அங்கே கூட்டிப் போனாள். மேடம் எனக்கு இட்லியும் வடைகறியும் வைத்தார். எனக்குப் பூகம்பத்தைவிட வடைகறி நன்றாகப் புரிந்தது. ஆனாலும் கேட்டேன்.

"எங்கியோ ஆடினா ஆடிட்டுப் போவுது. இவ எதுக்கு மேடம் இங்க குந்திகினு கீறா?"

ரேவதியே பதில் சொன்னாள். "எங்க பிளாட்டு வாட்ஸப் குரூப்ல போட்டுகினே இருக்காங்கம்மா. தூரத்துல பெரிசா ஒண்ணு வந்தா அது மத்த எடத்துலயும் கெளப்பி வுடுமாம். அடுத்தது இங்கதானாம்."

மேடம் தட்டைத் தள்ளி வைத்தார். "பாதி உண்மைம்மா. பெரிய பூகம்பம் வந்தா அதோட அலை பூமி முழுக்கச் சுத்தி வரும். போற வழியில பெரும்பாலான எடத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா சில எடம் ஏற்கனவே அழுத்தம் ஏறி, இப்பவோ அப்பவோன்னு நிக்கும். எரிமலை இருக்கற பக்கம், வெந்நீர் ஊத்து இருக்கற பக்கம், அந்த மாதிரி. அங்க இந்த அலை போய்த் தொட்டா சின்னச் சின்னதா அதிர ஆரம்பிக்கும். சில எடத்துல அலை போகும்போதே, சில எடத்துல கொஞ்ச நாள் கழிச்சு. முக்கால்வாசி மிஷினுக்கு மட்டும்தான் தெரியும். தூரத்துல பெரிசா வந்தா இங்கயும் பெரிசா வரணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல."

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. "எங்க தெருவுல ஒரு சாவு. மோளம் அடிச்சாங்க. அடுத்த தெருவுல ஒரு கெழவன் ஆறு மாசமாப் படுத்த படுக்கை. அந்த மோளத்தக் கேட்டுகினே அவனும் பூட்டான். அந்த மாதிரியா மேடம்?"

"அதே மாதிரிதான். மோளம் கொல்லல. அவர் ஏற்கனவே கெளம்பி நின்னாரு. அதே மோளத்தக் கேட்ட மத்தவங்க எல்லாரும் எழுந்து காபி குடிச்சிருப்பாங்க."

ரேவதி விடவில்லை. "நம்ம பூமி யாரு மேடம்? படுத்திருக்கற கெழவனா, காபி குடிக்கற ஆளா?"

"பல்லாவரம் மலை பாத்திருக்கல்ல? அந்தப் பாறை ரொம்ப ரொம்பப் பழசு. சீக்கிரத்துல அசையற ஆள் இல்ல. அன்னிக்கு ஆடினது நம்ம பூமி ஒடஞ்சதால இல்லம்மா. தூரத்துல இருந்து வர்ற அலை மெதுவா, நீளமா வரும். கீழ இருக்கற சின்ன வூட்டுக்கு அது தெரியாது. உயரமான கட்டடம் அதோட சேந்து ஆடும். உங்க வூடு உச்சியில இருக்கு, அதனால உனக்குத்தான் அதிகம் ஆடிச்சு. இங்க பெரிசா ஒண்ணும் வராதுன்னுதான் நான் நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்க."

"ஆமாம்மா. கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. யாராலயும் முடியாது."

மேடம் நல்லவர். பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு எனக்கு ஒரு பொய் சொல்கிற மேடம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் ரேவதி எடுத்து மடியில் வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் மாப்பிள்ளை பிரபு என்னைக் கூப்பிட வந்தார். "மேல வாங்க அத்தை, சாப்பிட்டுப் போலாம்" என்றார். ரேவதியைப் பார்க்கவில்லை. ரேவதியும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன பாலமா?

லிப்டில் ஏறினோம். எனக்கு லிப்டு என்றாலே வயிறு தனியாகப் பின்னால் வரும். பிரபு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்தக் கட்டடத்துல இத்தினி குடும்பம் இருக்கு அத்தை. யாராவது கீழ படுக்கறாங்களா? அசோசியேஷன்ல கேக்கறாங்க. என்னா பதில் சொல்றது? எனக்கு அசிங்கமா கீது."

மேலே ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது, ஜிஎஸ்டி ரோடு தெரிந்தது, வண்டலூர் மலை தெரிந்தது. மேகம் நம் மட்டத்துக்கு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அழகுதான். ஆனால் அந்த அழகில் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை.

கை கழுவப் போனபோது படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். மாமியார் என்றால் எட்டிப் பார்க்கத்தான் செய்வாள். கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. மெத்தை அங்கே இல்லை. வாசல் கதவை ஒட்டித் தரையில் கிடந்தது; நுழையும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டி வந்திருக்கிறேன். பக்கத்தில் செருப்பு, காலை விட்டால் ஓட வேண்டியதுதான் என்கிற மாதிரி கதவைப் பார்த்து இருந்தது. முதுகில் மாட்டுகிற பை ஒன்று, அடைத்துக் கட்டி. சாப்பாட்டு மேஜை மேல் ஒரு சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். அதற்கு நேராக ஒரு நாற்காலி.

"இன்னா மாப்ள, தண்ணி வெச்சிருக்கீங்க? யாருக்குப் படையல்?"

அவர் முகம் அப்படியே இறங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். "தண்ணி அசைஞ்சா தெரியும்ல அத்தை, அதுக்குத்தான்" என்றார். அப்புறம், "தூக்கமே வரல. கண்ண மூடினா கட்டில் நகர்ற மாதிரியே கீது" என்றார்.

"இத்த அவகிட்ட சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் பயந்தா இந்த வூட்ட யாரு பாத்துக்கறது?"

எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இவ்வளவுதானா சங்கதி என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பயம். இவர் கீழே போய் நாலு வார்த்தை சொன்னால் அவள் சிரிப்பாள், இவரும் சிரிப்பார், எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கலாம். "எழுந்துருங்க மாப்ள. கீழ வந்து சொல்லுங்க" என்றேன். வேண்டாம் என்றார். "நான் சொல்லட்டா? நான் சொன்னா இன்னும் கேவலமா சொல்வேன்" என்றேன். எழுந்து வந்தார்.

பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு ரேவதி. நானும் தூங்கல. கதவாண்டதான் படுத்துகினு கீறேன்."

ரேவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

"எப்பலேர்ந்து?"

"புதன்கிழமைலேர்ந்து."

"அப்ப குரூப்ல போட்டியே, என் ஒய்ஃபுக்கு மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டப் போறேன்னு. அது வியாழக்கிழம தானே?"

எனக்கு அது தெரியாது.

"செக்யூரிட்டி பாக்கற பார்வ எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கொயந்தைங்கள ஊஞ்சலுக்கு இட்டார்ற பொம்பளைங்க என்னப் பாத்ததும் அந்தப் பக்கம் இழுத்துகினு போறாங்க. நான் பைத்தியம்னு நானே நம்பிட்டேன் பிரபு. நீ மேல செருப்ப ரெடியா வெச்சுகினு தூங்கியிருக்க. பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா உன்னக் கடிச்சா துன்ட்டிருப்பேன்?"

"ஆம்பள எப்டி..."

"வேணாம். அத்தச் சொல்லாத."

குரல் ஏறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை என்றால் நான் நடுவில் புகுந்து எதையாவது உளறிக் கலைத்துவிடுவேன், அது எனக்குப் பழக்கம். இதில் புகுவதற்கு இடமே இல்லை. இவர்களுக்குள் எது எப்போதிலிருந்து இறுகிக்கொண்டு நின்றதோ, எனக்குத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஆடியது இங்கே வந்து அதைத் தொட்டிருக்கிறது. கடைசி தூரத்துக்கு அந்த அதிர்வை நான்தான் லிப்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

"அம்மா, வா, போலாம்" என்றாள். டெய்சி மேடம் வீட்டில் இருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டாள். மேடம் வாசல் வரை வந்து, "மழை வர்ற மாதிரி இருக்கு ரேவதி. முடிச்சூரா போற?" என்று கேட்டார்.

சாயங்காலம் நாலரை மணி வண்டி. போன அதே பாதை, திருப்பிப் போட்ட மாதிரி. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம். ரேவதி ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா என்னிடம், "மகளா? தாய் வூட்டுக்கா? விசேஷமா?" என்று வயிற்றைப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் நல்ல பதிலாகக் கொடுத்திருப்பேன். "சும்மா, ரெண்டு நாள் இருக்கறதுக்கு" என்றேன். ஒரு முழம் மல்லி முப்பது ரூபாய் என்றாள். வாங்கினேன். ரேவதி வைத்துக்கொள்ளவில்லை, கையிலேயே பிடித்திருந்தாள்.

வண்டலூரில் தூறல் ஆரம்பித்தது. கல்யாணம் ஆகி இந்த ஆறு வருஷமாக மழைக்காலத்தில் ஒரு ராத்திரிகூட அவள் முடிச்சூரில் தங்கியதில்லை. தீபாவளிக்கு வந்தாலும் சாயங்காலமே கிளம்பிவிடுவாள். இப்போது மேலே போக முடியாமல் கீழே வருகிறாள். கீழே எனக்கு இருப்பது அதே தரை வீடுதான்.

மேற்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ நின்றது. "முடிச்சூர், முடிச்சூர், ரெண்டு பேர் ஏறலாம்."

ரேவதி ஏறுவதற்கு முன்னால் கேட்டாள். "அங்க தண்ணி நிக்குதாண்ணா?"

"இன்னும் இல்லக்கா."

ஏறி உட்கார்ந்தோம். பெருங்களத்தூர் போகிற பக்கம் வானம் கறுத்துப்போயிருந்தது. வண்டி நகரும்போது அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். நின்றுவிட்டது. மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

அந்தப் பக்கம் அவர் பேசுவது எனக்கும் கேட்டது. இந்த வண்டிச் சத்தத்திலும் மாமியார் காதுக்குக் கேட்காமல் போகுமா? "பெஞ்சிலதான் உக்காந்திருக்கேன். இங்க தூறுது. எப்ப வருவ?"

மழைத்தண்ணீர் ஆட்டோ ஓரத்தில் இருந்து அவள் முழங்கால் மேல் சொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"தெரியல" என்றாள். அப்புறம், "மேடம் வூட்ல போய்ப் படு. மேல போவாத" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். ரோட்டோரத்துக் கால்வாய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்று சொல்லலாம் என்று வந்தது. நல்ல கிண்டல்தான், வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். சொல்லாமல் அவளை உள்பக்கம் நகர்த்திவிட்டு, தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.